என் இடது முழங்கையின் முன்னேற்றம்

மனிதன் நான்கு காலில் நடப்பதை விட்டுவிட்டு இரண்டு காலில் எழுந்து நின்றது எதற்காக என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கைகள் இரண்டும் விடுபட்டால்தான் ஒரு மட்டையைப் பிடிக்க முடியும். மட்டையைப் பிடித்தால்தான் இடது முழங்கையை மடக்காமல் வீச முடியும். மடங்காத இடது முழங்கையே மானுடப் பரிணாமத்தின் சிகரம். அந்தச் சிகரத்தை நான் அறுபத்தாறு வயதில், மினசோட்டாவின் வடக்கு மூலையில், நகராட்சிக்குச் சொந்தமான லூன் ரிட்ஜ் கோல்ஃப் மைதானத்தில் எட்டினேன். ஏறுகிற வழியில் சில சில்லறைச் சேதங்கள் ஏற்பட்டன. அவற்றையும் பதிவு செய்வது என் கடமை.

என் பெயர் லோவெல் சண்ட்குவிஸ்ட். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் ‘பரிசீலிக்கும்’ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பரிசீலிப்பது என்பது எங்கள் அலுவலகத்தில் ‘இல்லை’ என்பதற்கான மரியாதைச் சொல். மான் குறுக்கே பாய்ந்துவிட்டது என்பார்கள். மானைப் பார்த்தது யார் என்று கேட்பேன். ஒருவர் கோபப்பட்டு, அடுத்த தடவை மானையே கூட்டி வரட்டுமா என்று கேட்டார். அவருடைய கோரிக்கை, மான் வரும்வரை நிலுவையில் வைக்கப்பட்டது.

இளமையில் கோல்ஃப் ஆடியிருக்கிறேன். விட்டதற்குக் காரணம் வேலை. திரும்பி வந்ததற்குக் காரணம் வேலை இல்லாதது. ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் வீட்டு நிர்வாகத்தைச் சீர்திருத்தலாம் என்று இறங்கி, சமையலறை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கினேன். என் மனைவி மார்லிஸ் உப்பைத் தேடித் தேடி அலுத்துப்போய், பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் ஆர்லன் ஹௌகனுக்கு போன் செய்தாள். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “ஆர்லன், தயவுபண்ணி இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போ.”

ஆர்லன் எனக்குப் பள்ளிக்கூட நாள் முதல் சிநேகிதன். ஊரில் பாதிப் பேரைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கிய டிரைவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் தனியாக இருந்தான். வியாழக்கிழமைதோறும் கோல்ஃப் ஆடுவான். ஆடுவான் என்று சொல்வது ஒரு நாகரிகத்துக்காக. பந்தை அது போக விரும்பும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே பேசிக்கொண்டே நடப்பான். மரத்தடியில் பந்து மாட்டிக்கொண்டால் காலால் லேசாகத் தட்டி வெளியே எடுப்பான். அவன் பையில் இருந்த மட்டைகளிலேயே குறி தவறாதது அவனுடைய வலது காலணிதான் என்று ஊரில் பேச்சு.

அவனோடு டுவேனும் ரால்ஃபும் வருவார்கள். டுவேன் பல் மருத்துவன். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாதவர்களோடே ஆயுளைக் கழித்துவிட்டதால், யாராவது பதில் பேசினால் அவனுக்குப் பண்டிகை மாதிரி. ரால்ஃப் ஆணி, சுத்தியல், பெயின்ட் விற்கும் கடை வைத்திருப்பவன். இப்படியாக நான்காவது ஆளாக நான் சேர்த்துக்கொள்ளப்பட்டேன்.

முதல் வியாழன் நான் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்று சொன்னால் புல்லே ஒப்புக்கொள்ளாது. மட்டை மண்ணைப் பெயர்த்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஓடைக்குள் எத்தனை பந்து போயிற்று என்று எண்ணுவதை நிறுத்திவிட்டோம். அடி குறையக் குறையத்தான் பெருமை என்கிற ஆட்டம் இது. ஆறாவது குழியில் நான் எத்தனை அடி அடித்தேன் என்று கேட்டதற்கு, ஆர்லன் ஆகாயத்தைப் பார்த்து யோசித்துவிட்டு, “எட்டு ஒம்பது மாதிரி இருந்துச்சு. அஞ்சுன்னு போட்டுக்கோ, பாவம்,” என்றான். நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மார்லிஸிடம் போய், பல வருஷத்தில் இப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை என்று சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். அவளுக்கு உப்பு கிடைத்துவிட்டது.

அத்தோடு நின்றிருந்தால் நான் ஒரு சாதாரண, சந்தோஷமான மனிதனாகவே செத்துப்போயிருப்பேன். ஆனால் இரண்டாவது வியாழன், பதினாறாவது குழியில், ஒரு நல்ல அடி விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கையில் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை. பந்து உயரே போய், ஒரு கணம் நின்று யோசித்து, கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு ஒரு மகத்தான உண்மை புலப்பட்டது: அந்த அடிதான் நான். மற்ற அடிகளெல்லாம் யாரோ எனக்கு இழைத்த அநீதி.

இந்த உண்மை புலப்பட்டவர்களுக்காகவே அரிசோனாவில் ஒரு பயிற்சியாளர் காத்திருந்தார். பெயர் பிரைஸ். பெயரைக் கேட்டதுமே என் பணப்பைக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. நாம் ஆடுவதை போனில் படம் பிடித்து அனுப்பினால், அவர் நம் உடம்பின் மேல் மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு எல்லாம் போட்டுத் திருப்பி அனுப்புவார். எல்லோரையும் ‘சாம்பியன்’ என்றுதான் கூப்பிடுவார். பெயரை நினைவு வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லை பாருங்கள். என் முதல் படத்தைப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் மௌனமாக இருந்ததாகவும், பிறகு, “சாம்பியன், எல்லாப் பிரச்சினையும் இடது முழங்கையிலதான் இருக்கு,” என்று கண்டுபிடித்ததாகவும் தெரிவித்தார். அறுபத்தாறு வருஷமாக என் வாழ்க்கையில் எங்கோ ஒரு கோளாறு இருப்பதாகச் சந்தேகம் இருந்தது. அது எங்கே என்று ஒருவர் துல்லியமாகச் சொன்னது அதுதான் முதல் முறை.

மூன்று கால் தாங்கி ஒன்று வாங்கி, அதில் போனைப் பொருத்தி, ஒவ்வொரு அடியையும் பின்னாலிருந்து படம் பிடிக்க ஆரம்பித்தேன். அடிப்பதற்கு முன்னால் காதுக்குள் கருவிகளைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, பிரைஸின் குரல் சொல்கிறபடி மூச்சை இழுத்து விட்டு, பந்தில்லாமல் மட்டையைச் சில தடவை வீச வேண்டும். இதற்கு ‘ஆயத்த நடைமுறை’ என்று பெயர். பின்னால் வரும் ஆட்டக்காரர்கள் இதை வேறு பெயர்களில் அழைத்தார்கள். வீட்டில் தூங்கும்போதும் முழங்கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டேன். மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டு, கை உடைஞ்சா இன்ஷூரன்ஸ் தருவாங்களா என்று கேட்டாள். சாட்சி வேண்டும் என்றேன். தான் வேறு அறைக்குப் போவதாகச் சொல்லி, போர்வையை எடுத்துக்கொண்டு போனாள்.

தனி மனித முன்னேற்றம் சமூக முன்னேற்றமாக விரிய வேண்டும் என்பது என் கொள்கை. எனவே ஜூன் கடைசியில், மைதானத்தின் சிற்றுண்டிக் கூடத்தில் ‘முன்னேற்ற ஆலோசனைக் கூட்டம்’ ஒன்றைக் கூட்டினேன். கூட்டம் கூட்டப்பட்டது மற்ற மூவருக்கும் தெரியாது. வழக்கம்போல ஹாட்டாக் தின்ன வந்து உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நின்று தீர்மானங்களை முன்மொழிந்தேன். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் பேசக் கூடாது. அடிகள் உள்ளபடி எண்ணப்படும், இரக்கத்தின் அடிப்படையில் அல்ல. மரத்தடிப் பந்துகளைக் காலால் ‘விடுதலை’ செய்வது இன்றோடு ஒழிக்கப்படுகிறது.

டுவேன் கடுகுச் சாற்றைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: “லோவெல், நாங்க இங்க வர்றதே பேசறதுக்குத்தான். நடுநடுவுல பந்து வந்து தொந்தரவு பண்ணுது. அதையும் பொறுத்துக்கிட்டுதான் வர்றோம்.”

“பேச்சு வேணும்னா கடை வாசல்லயே நின்னு பேசிக்கலாமே.”

“கடை வாசல்ல என் பொண்டாட்டி இருப்பா,” என்றான் ரால்ஃப்.

விவாதத்துக்குப் பிறகு தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. அந்த ஒரு மனது என்னுடையது. அடுத்த வியாழன் டுவேனும் ரால்ஃபும் வரவில்லை. ஊறுகாயின் பெயரை வைத்துக்கொண்டு பிக்கிள்பால் என்று ஒன்று கிளம்பியிருக்கிறதே, அதை ஆடப் போய்விட்டதாகக் கேள்வி. முன்னேற்றத்தின் வேகத்தைத் தாங்க முடியாதவர்கள் உதிர்வது இயற்கை.

ஆர்லன் மட்டும் வந்தான். நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன். உன்னோடு கூட யாராவது இருக்க வேண்டாமா என்றான். அதை என் சீர்திருத்தங்களுக்கான ஆதரவாக எடுத்துக்கொண்டேன். அவனும் முடிந்தவரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினான். பேச்சு முட்டிக்கொண்டு வரும்போது கொஞ்சம் தள்ளிப் போய் மரத்தோடு பேசிவிட்டு வருவான்.

இப்போது ஆகஸ்டில் நடந்த சம்பவத்துக்கு வருகிறேன்.

பதினோராவது குழி சின்னது. இந்தப் பக்கம் மேடு, நடுவில் பள்ளம், எதிரே ஏரியைப் பார்த்துச் சரிகிற புல்வெளியில் கொடி. நன்றாக ஆடுபவர்கள் ஒரே அடியில் புல்வெளியை எட்டுவார்கள். ஒரே அடியில் குழிக்குள்ளேயே போடுவது என்பது பெரும்பாலானவர்களுக்கு ஆயுளில் நடக்காது. நடந்தால் கூடத்தின் சுவரில் பித்தளைத் தகட்டில் பெயர் பொறிப்பார்கள். அதற்கு ஒரே நிபந்தனை, கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும்.

இந்த விஷயத்தில் ஆர்லனுக்கு ஒரு பழைய வலி உண்டு. ஃபார்கோவில் இருக்கும் அவன் அண்ணன் மெல்வின், வாலிபத்தில் ஒரு தடவை அப்படி ஒரே அடியில் போட்டவர். அன்றிலிருந்து ஒவ்வொரு நன்றி தெரிவிக்கும் நாள் விருந்திலும், வான்கோழிக்குக் குழம்பு ஊற்றுவதற்கு முன்பே அந்தக் கதை ஆரம்பித்துவிடும். வருஷத்துக்கு வருஷம் கதையில் காற்று பலமாக வீசும், கொடி தூரமாகப் போகும். ஆர்லன் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கை மசிப்பான். அவனுடைய மனைவி இருந்தவரை மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்துச் சிரிக்க வைப்பாள். அவள் போன பிறகு அந்தக் கதையைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தான்.

அன்று மேட்டில் நான் போனைப் பின்னால் நிறுத்தி ஓட விட்டுவிட்டு, காதுக் கருவிகளைச் செருகி, கண்ணை மூடி ஆயத்த நடைமுறையைத் தொடங்கினேன். அது முடியக் கொஞ்சம் நேரமாகும் என்பதால் ஆர்லன் முந்திக்கொண்டு அடித்துவிடுவது எங்களுக்குள் ஏற்பாடு. எனக்குள் பிரைஸ் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு உள்ளே. மூச்சு வெளியே. முழங்கை நேராக. உலகம் அந்த முழங்கையில் ஆரம்பித்து அந்த முழங்கையில் முடிந்தது. அப்படி ஒரு நிம்மதி.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தேன். ஆர்லன் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. நெஞ்சுவலியோ என்று பயந்து காதுக் கருவியை எடுத்தேன்.

“உள்ள போயிடுச்சு,” என்றான்.

எது என்று கேட்டேன். அவன் பள்ளத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தான். அவன் ஓடி நான் பார்த்தது பள்ளிக்கூடத்தில். நான் என் அடியை ஒழுங்காக அடித்து முடித்து, தாங்கியை மடித்து, பையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். போய்ச் சேரும்போது கொடிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அவனுடைய பந்து. தான் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸின் நிறத்தில் அவன் எப்போதும் போட்டு வைக்கும் மஞ்சள் புள்ளி தெரிந்தது.

“நீ பாத்தே இல்ல?” என்றான்.

இங்கே என்னுடைய நேர்மையை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு சாதாரண மனிதன் ஆமாம் என்று சொல்லிக் கட்டிப்பிடித்திருப்பான். நான் நிலைமையைப் பரிசீலித்தேன். கோரிக்கையாளர் சம்பவ இடத்துக்கு எனக்கு முன்னால் தனியாக வந்திருக்கிறார். அவருடைய வலது காலணிக்கு ஒரு பூர்வ வரலாறு இருக்கிறது.

“பந்து உள்ள இருக்குன்னு சாட்சி சொல்றேன்,” என்றேன். “எப்படி உள்ள போச்சுன்னு நான் சொல்ல முடியாது.”

அவன் சிரித்தான். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. குனிந்து பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மீதிக் குழிகளை ஆடினோம். என் தீர்மானத்தின்படி முழு அமைதி நிலவியது.

வண்டி நிறுத்துமிடத்தில் அவனுக்குப் பொறுக்கவில்லை. அண்ணனுக்கு போன் போட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான். விஷயத்தைச் சொன்னதும் மெல்வினிடமிருந்து வந்த முதல் வார்த்தை, “யாரு பாத்தா?”

ஆர்லன் போனை என் பக்கம் நீட்டினான்.

“லோவெல், பாத்தியாப்பா நீ?” என்றார் மெல்வின்.

“நான் அங்கதான் இருந்தேன்.”

“அதைக் கேக்கல. பாத்தியா?”

“பாக்கல,” என்றேன்.

மெல்வின் சிரித்த சிரிப்பு வண்டிகளுக்கு நடுவே நெடுநேரம் கேட்டது. ஆர்லன் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, மட்டைப் பையை வண்டியின் பின்னால் வைத்தான். அடுத்த வாரம் வருவாய்தானே என்று கேட்டேன். பார்க்கலாம் என்றான்.

மார்லிஸிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

“ஆர்லன் பொய் சொல்வான்னு நினைக்கிறீங்களா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன?”

“நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அவள் தக்காளி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். பிறகு தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் அன்றைய படத்தை பிரைஸுக்கு அனுப்பினேன். அவர் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். முழங்கை அபாரம் என்று அவர் குரல் ஆரம்பித்ததுமே, எனக்கு அது போதும் என்று சத்தத்தை அணைத்துவிட்டேன். சாயங்காலம் முழுவதும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே அபாரம். ஓவியம் மாதிரி இருந்தது.

நீதி ஒருபக்கம் மட்டும் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா? கோரிக்கையை மைதானத்தின் ஆவணக் குழுவுக்கு எடுத்துப் போகும்படி ஆர்லனிடம் சொன்னேன். அவன், விட்டுடு லோவெல் என்றான். எனவே அவன் சார்பில் நானே கோரிக்கை எழுதினேன். அதற்கான ஆட்சேபணையையும் நானே எழுதி இணைத்தேன். இரு தரப்புக்கும் இவ்வளவு சிரத்தையாக உழைத்தவன் சரித்திரத்தில் இருக்க மாட்டான்.

குழுவின் தலைவி ஃபிலிஸ் ஆஸ்ட்பி. கூடத்தில் சீட்டுக் கொடுப்பது, ஹாட்டாக் வேக வைப்பது, பித்தளைத் தகடு பொறிக்கக் கொடுப்பது எல்லாம் அவர்தான். உறுப்பினர்கள் இருவர், டுவேனும் ரால்ஃபும். பாரபட்சம் இருக்கக்கூடும் என்று நான் சுட்டிக்காட்டினேன். ஊரில் வேற ஆள் இல்லை என்றார் ஃபிலிஸ். ஆர்லன் மூலை மேசையில் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை ஆனதால் கூடத்தில் கூட்டம். மார்லிஸும் வந்திருந்தாள். என் பக்கம் உட்காரவில்லை.

ஃபிலிஸ் இடுக்கியோடு ஹாட்டாக்கைப் புரட்டிக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

“அடிச்ச நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?”

“ஆர்லன் பக்கத்துல. கைக்கெட்டுற தூரம்.”

“பாக்கலையா?”

“இல்லை.”

“கண்ணு?”

“மூடியிருந்தேன்.”

“காது?”

“அதுல பிரைஸ் இருந்தார்.”

அந்த பிரைஸைச் சாட்சியாகக் கூப்பிட முடியுமா என்று ரால்ஃப் கேட்டான். அவர் அரிசோனாவில் இருப்பதை விளக்கினேன். டுவேன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “கண்ணு இல்ல, காதும் இல்ல. நீ அங்க இருந்தேங்கறதுக்கே என்னப்பா ஆதாரம்?” என்றான்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. என் வாழ்நாளில் ஆதாரம் கேட்டவன் நான். என்னிடம் ஒருவன் ஆதாரம் கேட்பதா? சம்பவ நேரத்தில் நான் எவ்வளவு தீவிரமான பயிற்சியில் ஈடுபட்டிருந்தேன் என்பதற்குக் காணொளிச் சான்றே இருப்பதாக அறிவித்து, போனை எடுத்துக் கொடுத்தேன். ஃபிலிஸ் கையைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் பேஸ்பால் ஓடும் பெரிய தொலைக்காட்சியில் அதை ஓட விட்டார்.

திரையை நிறைத்துக்கொண்டு என் முதுகு. பந்தில்லாத இடத்தில் நான் மட்டையை வீசுகிறேன். சற்றுத் தள்ளி ஆர்லன், குனிந்து, பந்தை அடிக்கிறான். அசிங்கமான அடி. பந்து தாழப் பறந்து எதிர் மேட்டில் மோதி, கொஞ்சம் மேலே ஏறி, திரும்பிச் சரிந்து, ஏரிக்காற்றோடு உருள ஆரம்பிக்கிறது. என் தோளுக்கு மேலே, தூரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி கொடியை நோக்கிப் போவது தெரிகிறது. ஆர்லனின் குரல் கேட்கிறது. முதலில் தனக்குத் தானே, “இரு, இரு.” பிறகு, “லோவெல், உருளுது பாரு.” பிறகு, “டேய், திரும்புடா, போகுதுடா.” என் முதுகு மூச்சை இழுக்கிறது, விடுகிறது. புள்ளி கொடியடியில் போய் மறைகிறது. ஆர்லன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதிக்கிறான். என் பக்கம் திரும்புகிறான். நான் மட்டையை வீசுகிறேன். அவன் கைகளைக் கீழே போடுகிறான். கொஞ்ச நேரம் அப்படியே என்னைப் பார்த்தபடி நிற்கிறான். பிறகு வந்து தோளைத் தொடுகிறான்.

மறுபடி போடு என்றான் ரால்ஃப். மறுபடி போட்டார்கள். அந்த இரண்டாவது தடவைதான் நானும் அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன்.

“இதை நீங்க வீட்டுல பாத்தீங்களா?” என்றார் ஃபிலிஸ்.

“பாத்தேன்.”

“ஒரு தடவையா?”

“நிறைய தடவை.”

“அப்ப இது தெரியலையா?”

நான் உறுதிமொழி எடுக்காத சாட்சிதான். ஆனாலும் உண்மையைச் சொன்னேன். “நான் முழங்கையைப் பாத்துட்டு இருந்தேன்.”

அந்த நேரம் பார்த்து போன் தன் போக்கில் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டது. அதே காட்சி, ஆனால் என் கையின் மேல் மஞ்சள் கோடு. கூடம் முழுக்க பிரைஸின் கம்பீரக் குரல்: “சாம்பியன், முழங்கை அபாரம். ஒரே ஒரு குறை. பின்னால ஒருத்தர் குதிச்சுக்கிட்டே இருக்கார் பாருங்க, உங்க கவனத்தைக் கலைக்கிறார். அடுத்த தடவை அந்த மாதிரி ஆளுங்க இல்லாம தனியா வந்து ஆடுங்க.”

முதலில் சிரித்தது ஆர்லன்தான். காப்பி மூக்கில் ஏறி, டுவேன் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் கூடமே சிரித்தது. மார்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. திரையில் உறைந்து நின்ற என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷமாகப் பார்த்துப் பழகிய ஒன்றைப் பார்ப்பது போல இருந்தது அவள் பார்வை.

கோரிக்கை ஏற்கப்பட்டது. ஒரே அடியில் போட்டவன் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். ஆர்லன் வாங்கிக் கொடுத்தான். ஒரு கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தான். குடி, உன் போன் இல்லன்னா ஒண்ணும் ஆகியிருக்காது என்றான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நடைமுறைப்படி பார்த்தால் என் ஆட்சேபணையில் தவறில்லை என்று ஆரம்பித்தேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

“நான் உன்னைக் கூப்பிட்டது சாட்சிக்கு இல்லடா. அந்த மாதிரி ஒண்ணு நடக்குறப்ப பக்கத்துல யாராவது இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

“நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

“ஆமா,” என்றான். “கைக்கெட்டுற தூரம்.”

படத்தை ஃபிலிஸ் மெல்வினுக்கும் அனுப்பி வைத்தார். மெல்வின் தம்பியைக் கூப்பிட்டு, வாழ்த்திவிட்டு, முன்னால் நின்று குச்சியை ஆட்டுகிற அந்த ஆளுக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தாராம். அந்த வருஷ விருந்தில் மெல்வினின் பழைய கதை மேசைக்கு வரவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பதில் வேறொரு கதை சொல்லப்பட்டது. அதில் ஆர்லன் பந்தை அடிக்கும் இடம் ஒரு வரிதான், மீதியெல்லாம் நான்தான்.

டுவேனும் ரால்ஃபும் ஊறுகாயை விட்டுவிட்டு வியாழக்கிழமைக்குத் திரும்பினார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஜூனில் போட்ட தீர்மானங்கள் ரத்து. இப்போது ஆர்லன் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தொப்பியைத் தூக்கி, “லோவெல், அடிக்கப் போறேன், பாத்துக்கோ,” என்று முறையாக அறிவிக்கிறான். நான் பார்க்கிறேன் என்று சொன்ன பிறகுதான் அடிக்கிறான். பந்து பெரும்பாலும் ஓடைக்குள் போகிறது. அதையும் நான் பார்க்கிறேன். பிரைஸுக்கு நான் இன்னும் சந்தா கட்டுகிறேனா என்று கேட்பவர்களுக்கு, கட்டுகிறேன். என் ஆட்டம் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் என் வயதில் இப்படியொரு முழங்கை யாருக்கும் இல்லை.

போன மாதம் பித்தளைத் தகடு வந்தது. ஆர்லனின் பெயர், தேதி, குழி எல்லாம் அழகாகப் பொறித்திருந்தார்கள். சாட்சி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று குழு கூடி விவாதித்ததாக அறிகிறேன். மூன்று பேரும் ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறார்கள். தகட்டின் கடைசி வரி இப்படி இருக்கிறது: ‘சாட்சி: லோவெல் சண்ட்குவிஸ்டின் போன்.’

நேற்று வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, யார் இந்த சண்ட்குவிஸ்ட் என்று ஃபிலிஸிடம் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“அந்த போனைத் தூக்கிட்டு வர்றவர்,” என்றார் ஃபிலிஸ்.